மாப்பிள்ளை விருந்தில் ஆவுளியா

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மனைவிக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். போன மாதம் போயிருந்தபோது மாப்பிள்ளைக்கென்று மாமியார் ஒரு கறி வைத்தார். மாட்டுக்கறி மாதிரி இருந்தது, இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் மச்சினன் வந்து, அது ஆவுளியா, அதாவது கடல் பசு என்றான். "வலையில மாட்டிச் செத்துக் கெடந்துச்சு மச்சான், நாங்க ஒண்ணும் கொல்லல" என்கிறான். செத்ததைத் தின்றதில் என்ன தப்பு? ஆடு, கோழி தின்கிறவன் இதற்கு மட்டும் ஏன் சங்கடப்பட வேண்டும்? அடுத்த முறை வைத்தால் எப்படி மறுப்பது?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தெரியாமல் சாப்பிட்டதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஆடு, கோழியைப் பற்றிக் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. அதற்குப் பலரும் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்காது. "ஐயோ, பாவம், எவ்வளவு அழகான பிராணி" என்பார்கள். அழகைப் பார்த்தால் ஆட்டுக்குட்டியும் அழகுதான். இன்னொரு கூட்டம் வழக்கமில்லாத கறி எதைக் கண்டாலும் முகத்தைச் சுளிக்கும். மழைக்குக் கிளம்பும் ஈசலை வறுத்துத் தின்றவர்கள் நாம், வயல் எலியும் நத்தையும் இன்றும் பல வீடுகளில் ருசியான சாப்பாடு, அதில் ஒரு தப்பும் இல்லை. பழக்கமில்லாத கறி என்பது வேறு, தீர்ந்துகொண்டிருக்கும் உயிர் என்பது வேறு.

வெள்ளாடு ஐந்து மாதம் சினையாக இருந்து ஒன்றோ இரண்டோ குட்டி போடும், இரண்டு வருடத்தில் மூன்று ஈற்றுகூடப் பார்க்கலாம். ஆவுளியாவுக்குக் குட்டி போடும் பருவம் வரவே பல வருடம் ஆகும். வயிற்றில் 13 மாதத்துக்குக் குறையாமல் சுமக்கும், போடுவது ஒரே குட்டி, அதுவும் பெரும்பாலும் 3 முதல் 7 வருடத்துக்கு ஒரு தடவை. முன்துடுப்புக்குக் கீழே, நம் அக்குள் மாதிரியான இடத்தில் முலை இருக்கிறது, குட்டி அதை ஒட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, கட்ச், அந்தமான் என்று இந்தியா முழுக்கச் சேர்த்து எண்ணினாலும் சில நூறுதான் இருக்கும் என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேட்டையில் அறுபடும் ஆடுகளையும் அந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, மச்சினன் சொன்ன "செத்துக் கெடந்துச்சு"க்கு வருவோம். அவன் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆவுளியா மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணி. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கை மேலே நீட்டியாக வேண்டும். அடியில் கிடக்கும் வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். கத்தியெடுத்து யாரும் கொல்லவில்லை என்பது நிஜம்தான். ஆனால் வலை இழுக்கும்போது சில சமயம் அது உயிரோடும் இருக்கும். அப்போது வலையை அறுத்து விடுவதா, கொஞ்சம் பொறுப்பதா? வலை அறுந்தால் நஷ்டம் அவனுக்கு. கரையில் கறிக்குக் காத்திருக்கிற ஆள் இருந்தால் பொறுக்கத்தான் தோன்றும், முன்னூறு கிலோ சும்மாவா? நீங்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியபோது, உங்களை அறியாமலே, அந்த காத்திருக்கிற ஆளாகிவிட்டீர்கள்.

இதன் உறவுக்காரப் பிராணி ஒன்று வடக்கே பேரிங் கடலில் இருந்தது, எட்டு மீட்டர் நீளம். 1741-இல் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியவர்களில் ஸ்டெல்லர் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி எழுதி வைத்தார், அதனால் அதற்கு அவர் பெயர். ஒதுங்கியவர்கள் பசிக்குத் தின்றார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் கடல் நீர்நாய்த் தோலுக்காக வேட்டைக்குப் போனவர்கள் வழிச் சாப்பாட்டுக்கு அதையே நம்பினார்கள், கறி ருசி, சீக்கிரம் கெடாது. 1768-இல் கடைசியும் போயிற்று. நல்ல கறி என்று தெரிந்த 27 வருடத்தில் கதை முடிந்தது.

உங்கள் மாமியாருக்கு இதெல்லாம் ஏன் தெரியவில்லை என்று கோபப்படாதீர்கள். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கரையில் இது அபூர்வமே இல்லை, மருந்து என்றுகூடச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் சட்டம் மாறி வெகுகாலம் ஆயிற்று. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. பிடித்தாலும் விற்றாலும் கறியை வைத்திருந்தாலும் 3 முதல் 7 வருடம் சிறை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. வலையில் மாட்டியதை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் கொடுத்திருக்கிறது. மச்சினனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், ஆனால் தனியாக, சாப்பாட்டு நேரம் தவிர்த்து. ஆவுளியா மேய்கிற கடல்புல்லில்தான் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன என்பது உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், அதை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். சென்னையிலிருந்து வந்து கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிற மச்சானை யாருக்கும் பிடிக்காது.

இதை எழுதும்போது எனக்கும் ஒரு முள் குத்துகிறது. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப்புட்டுதான், என் மகளுக்கு நானே கிளறிக் கொடுத்தேன். சுறாவும் கொஞ்சமாகக் குட்டி போட்டு மெதுவாகப் பெருகுகிற இனம்தான். பால் சுறாவைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும் இப்போது மீன்கார அம்மா கூடையைத் திறந்தால் வேறு மீனைக் கைகாட்டுகிறேன். முழுசாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மறுப்பது எப்படி என்று கேட்டீர்கள். இலையில் விழுந்த பிறகு மறுத்தால் மாமியார் முகம் சுருங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே போன் போட்டு, "அத்தை, இந்தத் தடவை எனக்கு நண்டுக் குழம்பு மட்டும் போதும், அந்த ஆவுளியா வேண்டாம், வீட்டுக்குள்ளயே வர வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் ஜெயில் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. போனை மனைவி கையில் கொடுத்து அவரைச் சொல்ல வைக்காதீர்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டது நீங்கள்.