சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை, கூட்டலில் இருக்கிறது

வணக்கம். சிக்கல் வரும்போது எப்படிச் சமாளிக்கிறோம் என்று கேட்கும் பிரீஃப் கோப் படிவத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து, அதன் 28 விடைகளையும் கூட்டி 'சமாளிக்கும் திறன்' என்று ஒரே மதிப்பெண் எடுத்தேன், அது மனநலத்தை ஐந்து கேள்விகளில் அளக்கும் டபிள்யூ.ஹெச்.ஓ-5 மதிப்பெண்ணோடு ஒட்டவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் அக்கறையில்லாமல் எழுதினார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உளவியலாளர் சார்ல்ஸ் கார்வர் 1997இல் வெளியிட்ட அந்தப் படிவத்தில் 14 வழிமுறைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். திட்டமிடுவதும் அதில் உண்டு, தன்னையே பழித்துக்கொள்வதும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மொத்த மதிப்பெண் என்று கார்வரே எதையும் வைக்கவில்லை. தனித்தனியாகப் பாருங்கள், தன்னைப் பழிப்பதை முதலில்.

இன்னொன்று. நான் இதைக் கொடுத்தபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்தப் பிரச்சினைய நெனச்சு எழுதணும்?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஒருவன் தேர்வை நினைப்பான், ஒருத்தி வீட்டுச் சண்டையை நினைப்பாள். தேர்வுக்குத் திட்டம் போடலாம். அப்பா அம்மா சண்டைக்குப் பிள்ளை என்ன திட்டம் போடும்? அடுத்த முறை படிவத்தின் தலையில் ஒரு வரி விட்டு, மனதில் இருக்கும் பிரச்சினையை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும்போது வகுப்பாசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கவும் வேண்டாம்.

டபிள்யூ.ஹெச்.ஓ-5 கூட்டுத்தொகையை 4ஆல் பெருக்கினீர்கள்தானே? 50க்குக் கீழே வந்தால் நோய் என்று பொருளல்ல. ஆனால் அந்தப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தால், அந்த எண் யாருடையது என்று ஆலோசகருக்குத் தெரிய வழி இருக்கிறதா என இன்றே பாருங்கள்.