வாசகர் கேள்வி – பதில்: 22.4 வேண்டாம், 24.45

கேள்வி: எங்கள் காற்றுத் தரக் கருவியில் கந்தக டை ஆக்சைடின் 24 மணி நேரச் சராசரி 30 பி.பி.பி. (நூறு கோடியில் 30 பங்கு). வரம்போ ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். நான் கணக்குப் போட்டால் 86 வருகிறது; ஆய்வகம் 79 என்கிறது. எது சரி?

பதில்: ஆய்வகம் சொல்வதுதான் சரி. பி.பி.பி.யை மூலக்கூறு எடையால் பெருக்கி, ஒரு மோல் (மூலக்கூறு எடை அளவு கிராம்) வாயுவின் கனஅளவால் வகுக்க வேண்டும். நீங்கள் வகுத்தது பள்ளியில் படித்த 22.4 லிட்டரால். அது 0 டிகிரிக்கு உரியது. நம் நாட்டில் சுற்றுப்புறக் காற்றுக்கு 25 டிகிரி, 760 மி.மீ. பாதரச அழுத்தம்தான் கணக்கு; அந்த நிலையில் ஒரு மோல் விரிந்து 24.45 லிட்டர் ஆகிவிடுகிறது. 30 × 64.07 ÷ 24.45 = 78.6. வரம்புக்குள் இருக்கும் காற்றை, தவறான வகுஎண் ஒன்று வரம்பு மீறியதாகக் காட்டிவிட்டது. வெளிநாட்டு அட்டவணைகளைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. ஐரோப்பாவில் 20 டிகிரி. அங்கே வகுஎண் 24.06. வெப்பநிலை குறிக்காத அட்டவணையைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் காற்று அடர்த்தி குறைவு. அங்கே பி.பி.பி.யும் குறையுமா?

பதில்: குறையாது. பி.பி.பி. என்பது நூறு கோடி மூலக்கூறுகளில் எத்தனை என்ற விகிதம். மலை ஏறினாலும் அது மாறாது. சிக்கல் வருவது, மாசை உறிஞ்சும் கரைசல் வழியே காற்றை இழுத்து மாதிரி எடுப்பவர்களுக்கு. ஊட்டி உயரத்தில் அழுத்தம் சுமார் 580 மி.மீ. 15 டிகிரியில் காற்றளவு மீட்டர் 100 லிட்டர் காட்டினால், 100 × (580 ÷ 760) × (298 ÷ 288) = 79 லிட்டர்தான் கணக்கில் வரும் (298, 288 என்பவை 25, 15 டிகிரியோடு 273 கூட்டிய கெல்வின் அளவுகள்). கரைசலில் சிக்கிய எடையைத் திருத்தாத 100 லிட்டரால் வகுத்தால், மாசு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். அழுத்தமானியைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடு 12, நைட்ரஜன் டை ஆக்சைடு 20 பி.பி.பி. மொத்தத்தை மைக்ரோகிராமில் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் பி.பி.பி.யிலேயே கூட்டுங்கள்: 32. பிறகு டை ஆக்சைடின் எடையான 46.01ஐ வைத்து மாற்றினால் 60.2. இரண்டையும் தனித்தனியே மாற்றிக் கூட்டினால் 52.4 வரும்; அந்த எண்ணை மற்றவர் அறிக்கையோடு ஒப்பிடவே முடியாது. இந்த இரண்டில் 80 என்ற வரம்பு நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு மட்டும். அதனோடு ஒப்பிட வேண்டியது 20 பி.பி.பி.க்குரிய 37.6தான்.