பவளத்துக்கும் கவாத்து உண்டு: கேள்வி பதில்

சார், பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, மூன்று வருடமாகிறது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. வெட்ட மனசே வரவில்லை. அப்படியே விட்டால் என்ன?

மனசு வராதுதான். கண்ணும் கருத்துமாக வளர்த்ததை நாமே வெட்டுவதா என்று இருக்கும். ஆனால் நீங்கள் வெட்டாவிட்டாலும் அது ஒரு பகுதியை இழக்கத்தான் போகிறது. எந்தப் பகுதி என்பது மட்டும் உங்கள் கையில் இருக்காது. கிளைகள் நெருங்க நெருங்க உள்ளே நீரோட்டம் நின்றுபோகும், அழுக்கு தங்கும், மேல் கிளைகளின் நிழலில் அடிக்கிளைகளுக்கு வெளிச்சமும் கிடைக்காது. அப்புறம் அடியிலிருந்து சதை விலகி வெள்ளைக் கூடு தெரியும், அதில் பாசி ஏறும்.

ஒரு பைப்பெட்டை எடுத்து புதரின் நடுவில் இரண்டு தடவை ஊதிப் பாருங்கள். பழுப்பாகப் புகை மாதிரி அழுக்கு கிளம்பினால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. கடலில் இந்த வேலையைப் புயல் செய்கிறது. உடைந்து விழுந்த கிளை வேறு இடத்தில் ஒட்டி வளர்வது அக்ரோபோரா பெருகும் வழிகளில் ஒன்று. அதனால் ரொம்பக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எங்கே வெட்டுவது? நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டால் போதாதா?

போதாது, நிலைமை மோசமாகும். நுனியைக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு மூன்று புது முளை வரும், புதர் இன்னும் அடர்த்தியாகும். ரோஜாச் செடிக்குக் கவாத்து செய்பவர்களுக்கு இது தெரிந்த கதை. நடுவில் நெருக்கியடித்து நிற்கும் கிளைகளையும், பக்கத்துப் பவளத்தை நோக்கிப் போகிறவற்றையும் அடியோடு எடுங்கள். எடுத்த பிறகு உள்ளே இடைவெளி தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் எடுப்பதில்லை.

போன் கட்டர், அதாவது எலும்பு வெட்டும் கத்தரி, நல்லது. தயங்கித் தயங்கி அழுத்தினால் கிளை நொறுங்கும். ஒரே அழுத்து, சாக்பீஸ் உடைகிற மாதிரி 'டக்' என்று சத்தம் வரும். வெட்டுமுகம் வெள்ளையாக, சின்னச் சின்னத் துளைகளோடு தெரியும். வழவழப்பாகச் சளி விடும், பயப்படாதீர்கள். வேலை முடிந்ததும் கட்டரை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், உப்பு துருவாக்கிவிடும்.

தொட்டிக்குள்ளேயே வெட்டலாமா அண்ணா, வெளியே எடுக்கணுமா?

கழன்று வந்தால் வெளியே எடுங்கள். சில நிமிடம் காற்றில் இருந்தால் ஒன்றும் ஆகாது. பாறையோடு ஒட்டியிருந்தால் உள்ளேயே வெட்டலாம், பம்புகளை மட்டும் நிறுத்திவிடுங்கள். விழுந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி எடுங்கள். ஒரு துண்டு ஏதாவது சதைப் பவளத்தின் மேல் விழுந்து கிடந்தால், காலையில் அங்கே ஒரு புண் இருக்கும்.

மாண்டிபோரா பவளம் தட்டு மாதிரி விரிந்து கீழே எல்லாவற்றையும் நிழலாக்குகிறது.

விரலாலேயே உடைக்கலாம், பிஸ்கட் மாதிரிதான். கீழே நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்து விளிம்பை எடுங்கள்.

ஹேமர் கோரலில் பத்துப் பன்னிரண்டு தலைகள் ஆகிவிட்டன. பக்கத்துப் பவளத்தையும் சுடுகிறது. எப்படிப் பிரிப்பது?

முதலில் அது கிளை விடுகிற வகையா, சுவர் மாதிரி நீளமாக ஓடுகிற வகையா என்று பாருங்கள். கிளை வகை சுலபம். ஒவ்வொரு தலைக்கும் கீழே சதை இல்லாத காம்பு இருக்கும். சதை முடிகிற இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள், சதையில் கத்தி படவே படாது. சுவர் வகையில் உயிருள்ள சதையையே அறுக்க வேண்டியிருக்கும். அறுத்த இடம் அழுகிப் பழுப்புக் கூழாகி, முழுப் பவளமும் போகிற ஆபத்து உண்டு. அதை வெட்டாதீர்கள், இடம் மாற்றுங்கள்.

சுடுவதைப் பற்றி: விளக்கு அணைந்த பிறகு போய்ப் பாருங்கள். பகலில் அடக்கமாக இருக்கிற பவளம் இரவில் நீளமான கொட்டும் இழைகளை வீசும். சுற்றிலும் 15 சென்டிமீட்டராவது விடுங்கள். கேலக்ஸியா என்ற பவளத்துக்கு அதுவும் பத்தாது.

ஜீனியா என்ற மென்பவளம் பாறை முழுக்கப் பரவிவிட்டது அண்ணா.

தனிப் பாறையில், மணலுக்கு நடுவே தீவு மாதிரி வைத்திருக்க வேண்டும். இனி பாறையை வெளியே எடுத்துச் சுரண்டுவதுதான் வழி. மிச்சம் விட்ட துணுக்கு திரும்ப வளரும். கிரீன் ஸ்டார் பாலிப்பும் இதே ரகம்தான், ஆனால் அது பாய் மாதிரி உரிந்து வரும்.

ஜோவாந்தஸை (பொத்தான் பவளம்) பிளேடால் அறுக்கலாமா? பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார்.

கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள்! ஜோவாந்தஸ், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சூடு பண்ணியதாலேயே அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெந்நீரில் தேய்ப்பதும் கூடாது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சதையைத் தொடாமல் அது ஒட்டியிருக்கும் பாறையோடு சேர்த்து உடையுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம், ஏனென்றால் அழுத்தும்போது பாலிப் (பொத்தான் மாதிரி இருக்கும் ஒவ்வொரு குட்டி உயிர்) கண்ணை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம். வெட்டிய பிறகு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தசைவலி, காய்ச்சல், கண்ணெரிச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், எதை வெட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.

நிறைய வெட்டினேன். ஒரு வாரம் கழித்து, வெட்டாத பவளங்களின் நுனி வெள்ளையாகிறது. ஏன்?

ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) எவ்வளவு என்று பாருங்கள். நான் பட்ட பாடு இது. மாண்டிபோராவில் பாதியை எடுத்துவிட்டு இவற்றைத் தொட்டியில் ஊற்றும் டோசிங் பம்பைப் பழைய அளவிலேயே ஓடவிட்டேன். ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் குடிக்கிற வாய் பாதியாகிவிட்டது, ஊற்றுகிற கை மட்டும் குறையவில்லை. ஆல்கலினிட்டி எப்போதும் 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) இருக்கும் தொட்டி ஒரே வாரத்தில் 11-ஐத் தொட்டது, அக்ரோபோரா நுனியெல்லாம் வெந்துபோனது. பெரிதாக வெட்டினால் அன்றே டோசிங்கைக் குறையுங்கள், ஒரு வாரம் தினமும் அளந்து பாருங்கள். லெதர் கோரல் மாதிரி மென்பவளம் வெட்டியிருந்தால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பனும் (கரி) போடுங்கள், அது விடும் நச்சுப்பொருள் மற்றதைச் சுருங்க வைக்கும்.

வெட்டிய துண்டை ஒட்டினால் இரண்டே நாளில் விழுந்துவிடுகிறது.

சூப்பர் க்ளூ ஜெல்தானே? நீர்த்த வகை என்றால் நிற்காது. வெட்டுமுகத்தைத் துணியால் ஒற்றி ஜெல்லைத் தாராளமாக வையுங்கள். தண்ணீர் பட்டதுமே ஜெல்லின் மேல் தோல் மாதிரி ஒரு படலம் கட்டும். அப்படியே பாறையில் வைத்தால் அந்தத் தோல்தான் ஒட்டும், பசை ஒட்டாது. அழுத்தி, இடமும் வலமுமாக லேசாகத் திருகுங்கள். படலம் கிழிந்து உள்ளே இருக்கும் பசை பாறையைப் பிடிக்கும். அரை நிமிடம் அசையாமல் பிடித்திருந்துவிட்டுப் பம்பைப் போடுங்கள்.