நத்தையைத் தின்ன நத்தையா?

கேள்வி: மழை விட்டதும் கொல்லை முழுக்க ஆப்பிரிக்க ராட்சத நத்தை. அதைத் தின்னும் வெளிநாட்டு நத்தையை வரவழைக்கலாமா? - வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். பசிபிக் கடலில் உள்ள டஹிட்டித் தீவில் 1974-லும் மூரியா தீவில் 1977-லும் இதற்காகவே ஓநாய் நத்தையை இறக்கினார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு பார்ட்டுலா மர நத்தைகளைச் சளித்தடம் பிடித்துத் தின்றது. ஒரு தடவைக்கு ஒரே குட்டி ஈனும் அப்பாவி இனம், ஈடுகொடுக்குமா? 1987-க்குள் மூரியாக் காட்டில் அநேகமாக அழிந்தே போயிற்று. உயிரியல் பூங்காக்களில் வளர்த்தவற்றைத்தான் 2015 முதல் திரும்ப விடுகிறார்கள்.

நீங்கள் சாயங்காலம் ஈரச்சாக்கின் அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடியுமுன் கையுறையோடு பொறுக்கி (மூளையைத் தாக்கும் புழு இருக்கலாம்), லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் செடி கருகும். நத்தை தன் முதுகு ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சுவரையும் சுரண்டும். அங்கும் டார்ச் அடித்துப் பாருங்கள்.