கிட்டாரும் வராது, குரலும் கிடையாது, பாட்டெழுதப் போகிறானாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பையன் இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்று அரியர், ராத்திரி இரண்டு மணி வரை காதில் ஹெட்போன். கேட்டால் புரோகிரசிவ் ராக் பாடல் எழுதப்போகிறேன் என்கிறான். கடிதம் முழுக்கக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "கிட்டாரும் ஒழுங்காக வராது, குரலும் கிடையாது, எதை வைத்துப் பிழைப்பான்?" என்ற வரியில் கோபம் இல்லை, பயம்தான் தெரிகிறது. அதற்குத்தான் முதலில் பதில்.

புரோகிரசிவ் ராக் என்பது 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் வேர்விட்ட இசை. மூன்று நிமிடத்தில் முடியாது, ஏழெட்டு நிமிடம் ஓடும். தாளம் நடுவழியில் மாறும். ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் உள்ளே வந்து போகும். இதில் பெயர் பெற்ற பீட்டர் சின்ஃபீல்ட் என்ற பாடலாசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பையனுக்கு அவரை நிச்சயம் தெரிந்திருக்கும்.

சின்ஃபீல்ட் 1943-இல் லண்டனில் பிறந்தவர். சில வருடங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். ஓர் இசைக்குழு நடத்திப் பார்த்தார், எடுபடவில்லை. கூட இருந்த இயன் மெக்டொனால்ட் என்ற இசைக்கலைஞர், உன் குழு தேறாது, ஆனால் வார்த்தைகள் நன்றாக இருக்கின்றன, சேர்ந்து பாட்டு செய்யலாமா என்று கேட்டதாகப் பின்னாளில் சின்ஃபீல்டே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கிங் கிரிம்சன் குழு. பெயர் வைத்தவரும் சின்ஃபீல்ட்தான். 1969 அக்டோபரில் வந்த முதல் ஆல்பத்தின் பாடல் வரிகள் அவருடையவை. மேடையில் அவர் பாடவில்லை, வாசிக்கவில்லை, விளக்குகளை இயக்கினார். ஆல்பத்தில் அவர் பெயருக்கு நேரே இருப்பது "சொற்களும் ஒளியும்" என்ற பொறுப்பு. உங்கள் கேள்விக்கு இதுவே பாதி பதில்.

மீதிப் பாதி அவ்வளவு இனிப்பு இல்லை. 1971 டிசம்பரில் நான்காவது ஆல்பம் வந்தது. அடுத்த சில வாரங்களில் அவர் குழுவில் இல்லை. கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்போடு ஒத்துப்போகவில்லை. பெயர் வைத்த ஆளையே வெளியே அனுப்பிவிட்டார்கள். 1973-இல் சொந்தமாக ஓர் ஆல்பம் போட்டார், பெரிதாகப் போகவில்லை. ஆனாலும் சும்மா உட்காரவில்லை. அதற்கு முந்தின வருடமே ராக்ஸி மியூசிக் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்திருந்தார். ஓர் இத்தாலியக் குழுவின் மெட்டுகளுக்கு ஆங்கிலத்தில் புதிதாக வரிகள் எழுதினார். பழைய சகா கிரெக் லேக் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுக்கு 1975-இல் எழுதினார். அது பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது.

அப்புறம் செய்ததுதான் புரோகிரசிவ் ரசிகர்களுக்குப் பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண்டி ஹில் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து பக்ஸ் ஃபிஸ் என்ற பளபள பாப் குழுவுக்கு எழுதினார். 1982 ஜனவரியில் அது முதலிடம். இதே ஜோடி எழுதி செலின் டியோன் பாடிய 'திங்க் ட்வைஸ்' 1995-இல் பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, பாட்டெழுதுபவர்களுக்கு பிரிட்டனில் தரும் ஐவர் நோவெல்லோ விருதும் வாங்கியது. கிங் கிரிம்சனுக்காகப் பிரளயத்தைப் பற்றி எழுதிய அதே பேனாதான் காதல் பாட்டும் எழுதியது. இதைச் சொன்னால் உங்கள் பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும், காதில் விழுந்தால் போதும்.

இப்போது உங்கள் போனில் பாட்டு கேட்கும் ஆப்பைத் திறங்கள். அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2010-இல் வெளியிட்ட 'பவர்' என்ற பாட்டைத் தேடி, பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு எழுதியவர்கள் பெயரைப் பாருங்கள். சின்ஃபீல்ட் பெயரும் இருக்கும். கிங் கிரிம்சனின் பழைய பாட்டில் ஒரு துண்டை வெட்டி அதில் வைத்திருக்கிறார்கள். குழுவை விட்டுப் போய் 38 வருடம் கழித்து! அவர் 2024 நவம்பரில் காலமானார். பிரிட்டன் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 70 வருடம் உரிமை உண்டு, குறைந்தது 2094 முடியும்வரை.

ஆகவே பாட்டெழுதுகிறவனுக்குச் சொத்து கிட்டார் அல்ல, அந்தப் பெயர் வரிசையில் தன் பெயர் இருப்பது. நம் பிள்ளைகள் கோட்டை விடுவதும் இங்கேதான். "நம்ம பசங்கதானே சார்" என்று நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டைப் போட்டுவிடுவார்கள். ஹிட்டானதும் யார் எழுதியது என்று சண்டை. பாட்டை ஏற்றும் முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு வெளிவந்ததும், பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து ராயல்டி என்ற உரிமைத்தொகையை வசூலித்து எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். சினிமாவுக்கு எழுதினாலும் ராயல்டியில் பாடலாசிரியருக்குள்ள பங்கை, "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று கையெழுத்து வாங்கித் தயாரிப்பாளர் பறிக்க முடியாதபடி 2012-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

படிப்பை நிறுத்தலாமா என்றால், வேண்டாம். சின்ஃபீல்டைக் காட்டி உங்கள் பையனுக்கு ஜாதகம் கணிக்க மாட்டேன். அவரைப் போல எழுதி, பெயர் தெரியாமல் போனவர்களும் இருப்பார்கள். முதல் நாலைந்து வருடம் இதில் வீட்டு வாடகை கொடுக்குமளவு வருமானத்தை எதிர்பார்க்க முடியாது, சம்பளம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். அரியரை முடிக்க இரண்டு செமஸ்டர் போதும். அதுவரை ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அரியரும் போகாது, பையனும் பேச மாட்டான்.

அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தனக்குப் பிடிக்காத ஒரு மூன்று நிமிட மெட்டுக்கு, அசை தட்டாமல், ஒரு மாதத்தில் வரிகள் எழுதட்டும். தன் மெட்டுக்கு எழுத எல்லோருக்கும் வரும். அடுத்தவன் மெட்டில் வார்த்தை உட்காருகிறதா என்று பார்த்தால் கை எப்படி என்று தெரிந்துவிடும். எந்த மொழியில் எழுதுகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை, அதையும் கேளுங்கள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அவனோடு வாருங்கள். மார்க் ஷீட்டும் வேண்டும், பாட்டு நோட்டும் வேண்டும். நோட்டை உங்களுக்குக் காட்ட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், என்னிடம் காட்டட்டும்.