நெடுந்தூர ஓட்டத்தில் உச்சத்தில் இருப்பவர்கள் எல்லாருமே ஊக்கமருந்து எடுப்பவர்களா? இயற்கைத் திறமை என்பதே பொய்யா?

கென்யாவின் மாரத்தான் வீராங்கனை ரூத் செப்ங்கெடிச் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தியைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஓடுவது மருந்தின் தயவிலா, இல்லை பிறவியிலேயே அப்படிக் கால்கள் வாய்த்திருக்கின்றனவா என்பது உங்கள் சந்தேகம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் என்னால் முடியாது. காரணம் சொல்ல என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்த காலம் அது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4க்கு இறங்கிவிட்டது. ஈபிஓ ஊசி எழுதிக் கொடுத்தார்கள், எரித்ரோபாய்டின் என்பதன் சுருக்கம். மெடிக்கலில் ஐஸ் போட்ட தெர்மாகோல் டப்பாவில் வைத்துத் தருவார்கள். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நிழலாகப் பார்த்து நின்று, பஸ் ஏறி வீடு வந்து ஃப்ரிட்ஜில் வைப்பது என் வேலை. ஒன்றரை மாதத்தில் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியது. ஆனால் ரிப்போர்ட்டைவிடத் தெளிவாக எனக்கு அதைச் சொன்னது எங்கள் வீட்டு மாடிப்படிதான். மொத்தம் பதினேழு படி. எப்போதும் ஏழாவது படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிற மனிதர், ஒரு நாள் சாயங்காலம் மழை வருகிறதென்று காயப்போட்ட வேட்டியை எடுக்க நிற்காமல் ஏறிப் போய்விட்டார். கீழே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நெடுந்தூர ஓட்டத்தைக் கெடுத்து வைத்திருப்பதும் இதே ஊசிதான். சிறுநீரகம் சுரக்கிற ஹார்மோன் அது. எலும்பு மஜ்ஜையிடம் போய் "இன்னும் சிவப்பணு செய்" என்று சொல்லும். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகிற ஆக்ஸிஜன் கூடும். நோயாளிக்கு ஏழாவது படி கடக்கும். ஆரோக்கியமான வீரருக்கோ, மாரத்தானில் மற்றவர்கள் தளர்கிற முப்பத்தைந்தாவது கிலோமீட்டரிலும் அதே வேகம் கையில் இருக்கும்.

இப்போது ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கிற கென்யாவின் இடென் ஊரைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடச் சற்று அதிகம். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவு என்பதால் சிறுநீரகம் தானாகவே ஈபிஓவைக் கூடுதலாகச் சுரக்கிறது. அப்பாவுக்கு டப்பாவில் வந்தது அங்கே மலைக்காற்றில் இலவசமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடம்பு தனக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, ஊசி அந்த வரம்பைத் தாண்டிப் போகும்.

உயரம் மட்டுமே காரணமும் இல்லை. அந்த மலைப்பகுதியில் வாழ்கிற கலெஞ்சின் இனத்தவருக்குக் கெண்டைக்கால் மெலிசு. ஊசலாடுகிற கம்பின் நுனியில் எடை குறைந்தால் வீசுவது எத்தனை லேசாகிவிடும்! சிறுவயதிலிருந்து மண்சாலையில் ஓடி நடந்து வளர்ந்த உடம்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978இல் கென்யாவின் ஹென்றி ரோனோ 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகளை உடைத்தார்: 5,000, 10,000, 3,000 மீட்டர், அப்புறம் தடைகளைத் தாண்டி ஓடுகிற 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். ஈபிஓ மருந்தாக விற்பனைக்கு வந்ததே 1980களின் கடைசியில். அதனால் திறமை என்பதே பொய் என்று யாராவது சொன்னால் நான் ரோனோவைத்தான் காட்டுவேன்.

சரி, திறமை இருந்தால் மருந்து வேண்டாமே என்பீர்கள். அங்கேதான் ஃபின்லாந்தின் ஏரோ மான்டுராண்டா குறுக்கே வருகிறார். அவர் ஓட்டக்காரர் இல்லை, பனிச்சறுக்கு வீரர். ஆனாலும் இந்த விஷயத்தை இவரைவிட நன்றாக யாரும் விளக்கிவிட முடியாது. 1960 முதல் 1968 வரை மூன்று தங்கம் உட்பட ஏழு ஒலிம்பிக் பதக்கம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 20க்கும் மேல். ஏதோ செய்கிறார் என்று பல வருடம் ஊரே பேசியது. 1993இல் ஆராய்ச்சியாளர்கள் அவர் குடும்பத்தையே சோதித்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஈபிஓவுக்குப் பதில் சொல்கிற ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம். நிறுத்து என்கிற சமிக்ஞை அவருடைய மஜ்ஜைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. உறவினர்கள் பலருக்கும் அதே மாற்றம் இருந்தது. பிறக்கும்போதே ஊசி போட்டு அனுப்பியது போன்ற உடம்பு!

இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அதே மான்டுராண்டா 1972இல் ஆம்ஃபெடமின் என்ற ஊக்கமருந்துக்காகச் சோதனையில் சிக்கியும் இருக்கிறார். பிறவி வரமும் மருந்தும் ஒரே உடம்பில் இருந்தன. ஒருவருக்குத் திறமை இருப்பது அவர் சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒருவர் சிக்கியதால் அவருக்குத் திறமையே இல்லை என்றும் ஆகாது. நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஓடினால் எங்கள் ஊர்ப் பத்து கிலோமீட்டர் பந்தயத்தில் நான்கைந்து பேரை முந்தலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே உலகின் முதல் இருபதில் இருப்பவருக்குத்தான் அது தங்கமாக மாறும்.

அப்படியானால் சந்தேகத்தை எதன்மேல் வைப்பது? வேகத்தின்மேல் வைக்காதீர்கள், ரத்தத்தின்மேல் வையுங்கள் என்பேன். 2009இலிருந்து நடைமுறையில் உள்ள உயிரியல் கடவுச்சீட்டு முறை அதைத்தான் செய்கிறது. ஒரு வீரரின் ஹீமோகுளோபினையும் புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் அளவையும் வருடக்கணக்கில் பதிந்துகொண்டே வருவார்கள். ஊசி போட்டு நிறுத்தியவரிடம் ஹீமோகுளோபின் உயரத்தில் இருக்கும், புதிய அணுக்களோ குறைந்திருக்கும், ஏனென்றால் போதும் போதும் என்று மஜ்ஜை வேலையை நிறுத்தியிருக்கும். கென்யாவின் ரோனெக்ஸ் கிப்ருடோ சிக்கியது இப்படித்தான். 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் 26:24 என்ற உலக சாதனை வைத்திருந்தவர். 2024இல் ஆறு வருடத் தடை, சாதனையும் போனது.

இந்த எண்களையும் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. 2001இல் எட்மன்டன் உலகப் போட்டியில் "ஈபிஓ ஏமாற்றுக்காரர்களே வெளியேறுங்கள்" என்ற பொருளில் அட்டை பிடித்து நின்றவர் பிரிட்டனின் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப். 2015இல் அவருடைய பழைய ரத்த எண்களை வைத்து அவர்மேலேயே சந்தேகம் கிளம்பியது. அதில் ஒன்று, 2003இல் போர்ச்சுகலில் வெயிலில் அரை மாரத்தான் ஓடி முடித்த கையோடு எடுத்த ரத்தம். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும், ஹீமோகுளோபின் ஏறியது போலத் தெரியும். உயரத்தில் பயிற்சி எடுத்தாலும் எண் மாறும். சர்வதேச தடகள சம்மேளனம் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அவர் பெயரை எழுதினால் இன்றும் யாராவது ஒருவர் அதைக் கிளறுகிறார்.

செப்ங்கெடிச்சுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் சிகாகோவில் 2:09:56. பெண்களில் 2:10க்குள் மாரத்தான் ஓடிய முதல் ஆள். அப்போதே சந்தேகம் எழுந்தது. 2017க்குப் பிறகு வந்த கார்பன் தகடு வைத்த ஷூக்கள் எல்லாருடைய நேரத்தையும் இறக்கிவிட்டதால், எவ்வளவு ஷூ, எவ்வளவு கால் என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது. நம் வீடுகளில் பிபிக்குத் தருகிற அதே மாத்திரைதான். சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து மற்ற மருந்துகளை மறைக்க உதவும் என்பதால் அதற்குத் தடை. வீட்டு வேலை செய்பவரின் மாத்திரையை எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னார். மூன்று வருடத் தடை. சிகாகோ ஓட்டம் அந்த மாதிரிக்கு முந்தியது என்பதால் உலக சாதனை அப்படியே நிற்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் விதி விதிதான்.

கென்யாவில் இவ்வளவு பேர் சிக்குவதற்குப் பணமும் காரணம். ஒரு பெரிய பந்தயத்தின் பரிசு, இடெனில் ஒரு குடும்பத்தின் வாழ்நாளையே மாற்றிவிடும். நாட்டுக்கே தடை வரும் என்ற நிலையில் அரசு 2022 கடைசியில் ஊக்கமருந்துத் தடுப்புக்கு ஐந்து வருடத்துக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கச் சம்மதித்தது. சோதனை கூடியதால் சிக்குபவர்களும் கூடினார்கள். அதே நாட்டில் மாரத்தான் வீரர் எலியட் கிப்சோகே இருபது வருடத்துக்கு மேல் ஓடியும் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. கென்யக்காரர் என்றாலே மருந்து என்று எழுதுபவர்கள் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சிக்கியவரைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிட அதிகமாக நினைவில் நிற்பவர் எத்தியோப்பியாவின் புசுனேஷ் டெபா. 2014 பாஸ்டன் மாரத்தானில் கடைசிக் கட்டத்தில் கென்யாவின் ரிடா ஜெப்டூ வேகமெடுத்துப் போய் நாடாவை அறுத்தார். ஒரு நிமிடம் கழித்து 2:19:59இல் டெபா இரண்டாவதாக வந்தார். ஐந்து மாதத்தில் ஜெப்டூவிடம் ஈபிஓ கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு வருட வழக்குக்குப் பிறகு வெற்றியும் பாஸ்டன் பந்தயச் சாதனையும் டெபா பெயருக்கு மாறின. பரிசுப் பணம் மட்டும் வரவில்லை. ஜெப்டூவிடமிருந்து திரும்ப வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். 2024இல் டெபாவின் கதையைச் செய்தித்தாளில் படித்த ஒரு தொழிலதிபர், முன்பின் தெரியாதவர், தன் கைப்பணத்திலிருந்து 75,000 டாலர் அனுப்பினார். அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது.