மலிவு என்று எதைச் சொல்வது?

கேள்வி: தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படிக்க மலிவான எம்.பி.ஏ. எது? முடித்தால் பதவி உயர்வு வருமா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: மலிதல் என்றால் நிறைதல். களத்தில் நெல் மலிந்தால் சந்தையில் விலை இறங்கும். நிறைவைச் சொன்ன சொல், விலைக் குறைவைச் சொல்ல வந்தது அப்படித்தான். நல்ல சொல்லை ‘மட்டம்’ என்ற பொருளுக்கு இழுத்துவந்தது நம் விளம்பரக்காரர்கள்.

பணத்தில் மலிவானவற்றில் ஒன்று இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). நான்கு பருவமும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் வரும். நேரத்தில் அது மலிவே இல்லை. முதல் பருவத்தில் 7 பாடம், பாடத்துக்கு 4 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு), கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. பெருக்கினால் 840 மணி. 26 வாரத்துக்குப் பங்கு போட்டால் வாரம் 32 மணிக்கு மேல். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரால் ஆகாது. ஆகும் என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறவர் கமிஷனுக்குப் பேசுகிறார்.

4 வருடம் வரை அவகாசம் உண்டு. ஜூனில் 4 தாள், டிசம்பரில் 3 தாள் என்று பிரித்து எழுதுங்கள். அசைன்மென்டுக்கு 30 சதவீத மதிப்பெண். அதைக் கடையில் ரெடிமேடாக வாங்கிக் கொடுத்தால் அந்த 30 வரலாம், மீதி 70-க்குத் தேர்வுக்கூடத்தில் பேனா நகராது.

தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் அறிவித்துவிட்டது. ஆனால் நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு யு.ஜி.சி.யின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். ‘எக்சிக்யூட்டிவ் புரோகிராம்’ சான்றிதழ் பட்டம் ஆகாது.

பதவி உயர்வா? பணம் கட்டுவதற்கு முன் உங்கள் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைநிலைப் பட்டத்தை ஏற்பார்களா, கட்டணத்தில் பங்கு தருவார்களா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இந்தப் பக்கத்தில் பலமுறை சொன்னதை மறுபடி சொல்கிறேன்: இனிஷியல். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஏ.பி.சி. எண் (உங்கள் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்) எடுத்து, அதைக் கொண்டு டெப் எண் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) எடுத்தால்தான் 2024 முதல் சேர்க்கை. ஆதாரில் ‘எஸ். முருகன்’, மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் எஸ்’, பான் கார்டில் ‘முருகன் சுப்பிரமணியம்’ என்றிருந்தால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தமிழன் எதை எழுதுவான்? அப்பா பெயரின் முதலெழுத்தோடு தலைமுறைகளாக வாழ்கிறோம். திருந்த வேண்டியது படிவம்தான். அது திருந்தும்வரை உங்கள் சேர்க்கை காத்திருக்க முடியாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம் என்பதால் அவசரப்படாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளி, இடைவெளி உட்பட அதில் உள்ளபடியே ஆதாரில் ஏற்றுங்கள். டிஜிலாக்கரை அப்புறம் திறக்கலாம்.